காண்டெஸ்ட் லாக் தயாரிப்பதும் அனுப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) காண்டெஸ்ட் என்பது குறித்த நேரத்துக்குள் அதிக நிலையங்களோடு பேசும் போட்டி, ஒவ்வொன்றுக்கும் விதி தனி. பேசியவற்றின் பதிவுதான் லாக். இங்குள்ள பதில்கள் சிகியூ வேர்ல்டு வைடு டிஎக்ஸ் காண்டெஸ்ட்டை வைத்து எழுதப்பட்டவை. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் எஸ்எஸ்பி (குரல்), நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் சிடபிள்யூ (மோர்ஸ்), தலா 48 மணி நேரம். இதன் லாக்கைப் பிழையில்லாமல் அனுப்பப் பழகிவிட்டால் மற்ற காண்டெஸ்ட்டுகளுக்கு எக்ஸ்சேஞ்சையும் (தொடர்பில் இருவரும் பரிமாறும் தகவல்) கெடுத் தேதியையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். லாக் கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே அந்தச் சொற்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம்.

மொத்தமே 12 கியூஎஸ்ஓதான் (தொடர்பு) போட்டேன். இதற்கெல்லாம் லாக் அனுப்ப வேண்டுமா?

அனுப்புங்கள். உங்களோடு பேசிய 12 பேரின் லாக்கையும் சரிபார்க்க உங்கள் லாக் ஒரு சாட்சி. போட்டியில் சேர விருப்பமில்லை என்றால் ஆபரேட்டர் பிரிவில் 'செக்லாக்' என்று போட்டு அனுப்பலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது, சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படும். ஆனால் 12 கியூஎஸ்ஓவோடு போட்டியில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவிலிருந்து ஒரே பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) குறைந்த பவரில் லாக் அனுப்புகிறவர்கள் சிலரே. அந்தச் சின்னப் பட்டியலில் உங்கள் கால்சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) எங்கே நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாது.

கேப்ரில்லோ என்பது மென்பொருளா?

இல்லை, லாக்கை அனுப்ப வேண்டிய கோப்பு அமைப்பு. நோட்பேடில் திறந்தால் படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு. முதல் வரி 'ஸ்டார்ட் ஆஃப் லாக்: 3.0', கடைசி வரி 'எண்ட் ஆஃப் லாக்'. நடுவில் முதலில் தலைப்பு வரிகள், பிறகு கியூஎஸ்ஓவுக்கு ஒரு வரி. அந்த வரி இப்படி ஓடும்:

கியூஎஸ்ஓ: 21285 பிஎச் 2024-10-26 0214 (உங்கள் கால்சைன்) 59 22 (எதிர் நிலையத்தின் கால்சைன்) 59 25

இடமிருந்து வலமாக: கிலோஹெர்ட்ஸில் அலைவரிசை; மோடு (குரலுக்கு பிஎச், மோர்ஸுக்கு சிடபிள்யூ); ஆண்டு-மாதம்-நாள்; யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) நான்கு இலக்க நேரம்; நீங்கள் அனுப்பியது; நீங்கள் வாங்கியது. மேலே உள்ளது 21 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஜப்பான் நிலையத்தோடு பேசிய வரி. 59 என்பது சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற குறி; ஸோன் (மண்டல) எண்ணாக நீங்கள் 22 கொடுத்தீர்கள், அவர் 25 கொடுத்தார். மல்டி ஆபரேட்டர் லாக்குகளில் வரியின் கடைசியில் எந்த டிரான்ஸ்மிட்டர் என்று காட்ட 0 அல்லது 1 வரும்.

அலைவரிசை இடத்தில் 21000 என்று பேண்டை மட்டும் போட்டாலும் லாக் ஏற்கப்படும். ஆனால் உலக அளவிலோ கண்ட அளவிலோ முதலிடத்துக்குப் போட்டியிடுகிறவர் உண்மையான அலைவரிசையோடுதான் அனுப்ப வேண்டும். ரிக்கை, அதாவது ரேடியோவை, கணினியோடு கேபிள் போட்டு இணைத்துவிட்டால் இது தானாகவே பதிவாகும்.

நேரத்தில் எல்லோரும் தவறு செய்கிறார்கள் என்கிறார்கள். என்ன தவறு?

இந்திய நேரத்தை அப்படியே எழுதிவிடுவது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் யூடிசியோடு 5:30 மணி வித்தியாசம். காண்டெஸ்ட் சனிக்கிழமை காலை 5:30-க்குத் தொடங்கி, திங்கள் காலை 5:29-க்கு முடிகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சனி காலை 8 மணிக்குத் தொடக்கம்.

மணியைச் சரியாகக் கழிப்பவர்கள்கூடத் தேதியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஞாயிறு அதிகாலை 2:40-க்குப் போட்ட கியூஎஸ்ஓ யூடிசியில் சனிக்கிழமை 2110. கையால் எழுதிய லாக்கில் நள்ளிரவு 12-லிருந்து காலை 5:29 வரை உள்ள எல்லா வரிகளையும் தேதிக்காகவே ஒருமுறை தனியாகப் பாருங்கள். இதைவிடச் சுலபமான வழி, வெள்ளி இரவே ரிக் பக்கத்தில் யூடிசி வைத்த ஒரு கடிகாரத்தை நிறுத்திவிட்டு, 48 மணி நேரமும் அதை மட்டும் பார்ப்பது.

கணினியில் லாக் செய்பவர்களுக்கு வேறு சிக்கல். பழைய மடிக்கணினியின் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் எங்கோ போய் நிற்கும். களத்துக்குப் போய் இணையம் இல்லாமல் இயக்கப் போகிறீர்கள் என்றால் கிளம்புமுன் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைத்துவிடுங்கள். கணினியின் நேர மண்டலத்தையும் பாருங்கள். மென்பொருள் அதை வைத்துத்தான் யூடிசியைக் கணக்கிடுகிறது.

மென்பொருளில் 'சென்ட் எக்ஸ்சேஞ்ச்' என்று கேட்கிறதே, அங்கே என்ன போட வேண்டும்?

வெறும் 22. என்1எம்எம் லாகர் பிளஸ் என்ற லாக் மென்பொருளில் காண்டெஸ்ட்டைத் திறக்கும்போது வரும் இந்தச் சின்னப் பெட்டியில் பலர் '59 22' என்றோ '5922' என்றோ அடித்துவிடுகிறார்கள். 59-ஐ மென்பொருளே சேர்த்துவிடும். நீங்களும் போட்டால் ஒவ்வொரு வரியிலும் '59 59 22' என்று வந்து, பத்திகள் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும், ஏற்றும்போது லாக்கைப் படிக்கும் தானியங்கி நிரலான ரோபோ வரிக்கு வரி பிழை காட்டும். சரிசெய்ய கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். மென்பொருளில் அந்தப் பெட்டியைத் திருத்திவிட்டு கேப்ரில்லோவை மறுபடி உருவாக்குங்கள்.

22 என்பது இந்தியாவின் சிகியூ ஸோன். இலங்கையும் லட்சத்தீவும் மாலத்தீவும் அதே 22. அந்தமான் நிக்கோபார் 26, சிங்கப்பூரும் மேற்கு மலேசியாவும் 28. இதை ஐடியூ ஸோன் என்ற வேறு மண்டலப் பிரிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜூலையில் நடக்கும் ஐஏஆர்யூ எச்எஃப் போட்டிக்கு ஐடியூ ஸோன், அதில் இந்தியா 41. ஜூலையில் 41 போட்டுவிட்டு அக்டோபரில் அதே அமைப்பைத் திறந்து 41-ஐயே அனுப்புகிறவர்கள் உண்டு. உங்களிடம் 41 வாங்கியவர்கள் 41 என்றே எழுதுவார்கள், உங்கள் லாக்கும் 41 என்றே சொல்லும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நீங்கள் தவறான ஸோனை அறிவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எதிர் நிலையத்தின் ஸோனை மென்பொருளே நிரப்பிவிடுகிறதே, பிறகு எதற்குக் காது?

மென்பொருள் போடுவது கால்சைனின் முன்னொட்டை வைத்து ஊகித்த எண். ஜப்பான் என்றால் 25, பிரச்சினை இல்லை. அமெரிக்கா 3, 4, 5 என்று மூன்று ஸோன்களில் கிடக்கிறது. கலிஃபோர்னியாவில் வாங்கிய கால்சைனோடு ஃபுளோரிடாவில் குடியிருப்பவர் 5 என்பார், பெட்டியில் 3 நிற்கும். கனடா, ரஷ்யா, சீனா, ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் இதே ஆபத்து. அவர் சொன்னதைக் கேட்டு, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே என்டரைத் தட்டுங்கள்.

சிடபிள்யூவில் இன்னொன்று: ஸோன் எண்ணைச் சுருக்கி அனுப்புவார்கள். ஒன்றுக்குப் பதில் 'ஏ', சுழியத்துக்குப் பதில் 'டி', ஒன்பதுக்குப் பதில் 'என்'. காதில் 'ஏ4' என்று விழுந்தாலும் லாக்கில் 14 என்றே இருக்க வேண்டும். 5என்என் என்பதும் 599 ஆக வேண்டும்.

பிரிவுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லாக்கில் சுருக்கமான பகுதி இதுதான். உங்கள் முடிவைத் தலைகீழாக மாற்றக்கூடியதும் இதுதான். கேள்விகள் நான்கு.

யார் இயக்கினார்? நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் சிங்கிள் ஆப். நீங்கள் சாப்பிடப் போன அரை மணி நேரம் நண்பர் மைக்கைப் பிடித்து அழைத்தார் என்றால் அது மல்டி ஆப்.

உதவி இருந்ததா? டிஎக்ஸ் கிளஸ்டரையோ ஸ்கிம்மரையோ, யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று காட்டும் வேறெதையுமோ பார்த்திருந்தால் அசிஸ்டட். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் மட்டும்தான் பார்த்தேன் என்றாலும் முழு லாக்கும் அசிஸ்டட்தான்.

பவர் எவ்வளவு? 5 வாட் வரை கியூஆர்பி, 100 வாட் வரை லோ, அதற்கு மேல் ஹை. 48 மணி நேரத்தில் எட்டிய உச்ச பவரே கணக்கு. ஒரே ஒரு கியூஎஸ்ஓவுக்கு 5-லிருந்து 20-க்கு ஏற்றியிருந்தாலும் கியூஆர்பி போய்விட்டது.

எந்த பேண்ட்? 'ஆல்' அல்லது ஒரே ஒரு பேண்ட். 40 மீட்டரில் மட்டும் போட்டியிடுகிறேன் என்று அறிவித்தாலும் மற்ற பேண்டுகளில் போட்ட கியூஎஸ்ஓக்களை அழிக்காதீர்கள். உங்கள் மதிப்பெண்ணில் அவை சேராது, எதிர்த்தரப்பின் சரிபார்ப்புக்கு உதவும்.

இவற்றுக்கு மேல் 'ஓவர்லே' ஒன்று இருக்கிறது, விருப்பம் இருந்தால் போடலாம். உரிமம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்கள் 'ரூக்கி' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் தனிப் பட்டியலிலும் வருவார்கள். புதியவர்கள் பலர் இதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். 'லொகேஷன்' வரியில் அமெரிக்கா, கனடா தவிர்த்த எல்லோரும் 'டிஎக்ஸ்' என்று போட்டால் போதும்.

ஒரே நிலையத்தோடு ஒரே பேண்டில் இரண்டு முறை பேசிவிட்டேன். இரண்டாவதை அழித்துவிடவா?

வேண்டாம். டூப்புக்குத் தண்டனை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது, அவ்வளவுதான். அழிப்பதில்தான் ஆபத்து. முதல் கியூஎஸ்ஓவில் அவர் உங்கள் கால்சைனைத் தவறாக எழுதியிருக்கலாம், அதனால்தான் மறுபடி அழைத்திருப்பார். இரண்டாவதை நீங்கள் நீக்கிவிட்டால் அவருக்கு 'நாட் இன் லாக்' (எதிர்த்தரப்பு லாக்கில் இல்லை) விழும்.

போட்டி முடிந்த பிறகு எதையெல்லாம் திருத்தலாம்?

காதில் விழுந்ததைத் திருத்தக் கூடாது. கால்சைனையும் எக்ஸ்சேஞ்சையும் முடிந்த பிறகு எந்தத் தரவுத்தளத்தையோ ஒலிப்பதிவையோ மின்னஞ்சலையோ வைத்து மாற்றுவது விதியில் வெளிப்படையாகத் தடை. கால்சைன் விவரம் தரும் கியூஆர்இஸட் தளத்தில் தேடி 'இப்படி ஒரு கால்சைனே இல்லையே, அதுவாக இருக்கும்' என்று மாற்றுவதும் இதில் அடக்கம். அடிக்கடி வரும் கால்சைன்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றை நீக்குவதும் அப்படித்தான். பட்டியலில் இல்லாத நிலையம் நேற்று உரிமம் வாங்கியவராகக்கூட இருக்கலாம். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால், மறுபடி அழைத்துக் கேளுங்கள். அதற்குத் தடையில்லை.

தலைப்பு வரிகள், பெயர், முகவரி, பிரிவு, கோப்பு அமைப்பு ஆகியவற்றைத் தாராளமாகத் திருத்தலாம். கடிகாரம் முழுக்க ஒரு மணி நேரம் தள்ளி ஓடியிருந்தால், எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்துவதும் எழுத்துவேலைத் திருத்தம்தான். 'சோப்பாக்ஸ்' என்ற குறிப்பு வரியில் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

ரிக்கை 21-க்கு மாற்றினேன், மென்பொருளில் 14 ஆகவே இருந்துவிட்டது. 30 கியூஎஸ்ஓ தவறான பேண்டில்.

கேபிள் இல்லாமல் இயக்குகிறவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். அப்படியே அனுப்பினால் 30-ம் உங்களுக்கு 'நாட் இன் லாக்', எதிர்த்தரப்பில் 30 பேருக்கும் அதே கதி வரலாம். எந்தக் கியூஎஸ்ஓவிலிருந்து எது வரை என்று உறுதியாகத் தெரிந்தால் பேண்டைத் திருத்துங்கள், கால்சைனையோ ஸோனையோ தொடாதீர்கள். உறுதியாகத் தெரியாத வரிகளின் தொடக்கத்தில் 'கியூஎஸ்ஓ' என்பதை 'எக்ஸ்-கியூஎஸ்ஓ' என்று மாற்றிவிடலாம். அந்த வரி உங்கள் கணக்கில் சேராது. இனி வராமல் இருக்க, பேண்ட் மாற்றியவுடன் என்1எம்எம்மின் கால்சைன் பெட்டியில் 21285 என்று புதிய அலைவரிசையை அடித்து என்டர் தட்டும் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு கால்சைன் தவறினால் அப்படி என்ன போய்விடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவிலிருந்து ஆசியாவின் மற்ற நாடுகளுக்கு 1 புள்ளி, வேறு கண்டத்துக்கு 3, சொந்த நாட்டுக்குள் 0. ஆனால் சொந்த நாட்டுத் தொடர்பும் ஸோன், நாடு மல்டிபிளையருக்கு (புள்ளியைப் பெருக்கும் எண்ணுக்கு) செல்லும். ஆசியாவில் 50, வெளியே 150 என்று வைத்துக்கொண்டால் 500 புள்ளி. பேண்டுவாரியாக ஸோன்களும் நாடுகளும் சேர்ந்து 60 மல்டிபிளையர் என்றால் மொத்தம் 30,000.

ஒரு ஐரோப்பிய நிலையத்தின் கால்சைனில் ஓர் எழுத்துத் தவறு. அந்த 3 புள்ளி போகும், தண்டனையாக அதைப்போல் இரு மடங்கு, 6 புள்ளியும் போகும். 491 × 60 = 29,460. அந்த நாட்டுக்கு அந்த பேண்டில் அது ஒன்றுதான் கியூஎஸ்ஓ என்றால் மல்டிபிளையரும் ஒன்று குறையும்: 491 × 59 = 28,969. ஓர் எழுத்தின் விலை 1,031. அவருடைய லாக்கில் நீங்களே இல்லை என்றாலும் இதே தண்டனை. எக்ஸ்சேஞ்ச் மட்டும் தவறு என்றால் கியூஎஸ்ஓ போகும், கூடுதல் தண்டனை இல்லை. ஆகவே சத்தத்தில் பாதி மட்டும் கேட்ட கால்சைனை ஊகித்து எழுதுவது, அந்தக் கியூஎஸ்ஓவையே விட்டுவிடுவதைவிட நஷ்டம்.

என்னிடம் ஏடிஐஎஃப் கோப்புதான் இருக்கிறது. அதையே அனுப்பலாமா?

முடியாது. அன்றாட லாக் மென்பொருள்களின் ஏடிஐஎஃப் கோப்பில் அனுப்பிய ஸோன் பெரும்பாலும் இருக்காது, பிரிவுத் தகவலும் இருக்காது. கேப்ரில்லோவாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு நோட்பேடில் திறந்து முதல் பத்து வரிகளைக் கண்ணால் பாருங்கள்.

எக்செல் பக்கம் மட்டும் போகாதீர்கள். 0214 என்ற நேரத்தை 214 ஆக்கும், 2024-10-26 என்ற தேதியைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிப் போடும். வேர்டில் திறந்து சேமித்தாலும் கோப்பு பாழ். நோட்பேடில் சேமிக்கும்போது கவனம்: கால்சைன் புள்ளி லாக் என்று நீங்கள் பெயர் வைத்தாலும் விண்டோஸ் கடைசியில் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டி, அதை மறைத்தும் வைத்துவிடக்கூடும்.

காகிதத்தில் எழுதியவர்கள் கணினியில் ஏற்றும்போது சுழியத்தையும் 'ஓ' எழுத்தையும் பிரித்துப் பாருங்கள். காகிதத்திலேயே சுழியத்துக்குக் குறுக்குக் கோடு போட்டு எழுதுவது நல்லது.

ஏற்றும்போது என்ன நடக்கும்? கெடு எப்போது?

போட்டி முடிந்து ஐந்து நாள். திங்கள் காலை முடிகிற போட்டிக்கு வெள்ளி 2359 யூடிசி, நம் நேரத்தில் சனி காலை 5:29. வெள்ளி இரவு வரை தள்ளிப்போடாமல் திங்களே அனுப்புங்கள்.

போட்டியின் இணையதளத்தில் லாக் ஏற்றும் பக்கத்தில் கோப்பைக் கொடுத்ததும் ரோபோ படித்துப் பார்க்கும். 'காண்டெஸ்ட்' வரியில் எஸ்எஸ்பிக்குப் பதில் சிடபிள்யூ என்றிருப்பது, போட்டி நாட்களுக்கு வெளியே உள்ள தேதி, பத்தி தள்ளிய வரி இவற்றைச் சொல்லும். திருத்தி மறுபடி ஏற்றுங்கள். ஏற்றுக்கொண்டதும் உறுதி மின்னஞ்சல் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். பெறப்பட்ட லாக்குகளின் பட்டியலில் உங்கள் கால்சைனையும் அதற்கு நேரே உள்ள பிரிவையும் பாருங்கள். பிரிவு தவறு என்றால் கெடுவுக்குள் திருத்திய கோப்பை அனுப்பினால் போதும், கடைசியாக வந்ததே எடுத்துக்கொள்ளப்படும்.

ரோபோ ஏற்றுக்கொண்டது என்றால் கோப்பு அமைப்பு சரி என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் கால்சைன்கள் சரியா என்பது மற்றவர்களின் லாக்குகளோடு ஒப்பிட்ட பிறகே தெரியும். 'கிளெய்ம்டு ஸ்கோர்' வரியில் நீங்கள் எழுதும் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், மறுபடி கணக்கிடுவார்கள். லாக்குகள் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்ஓடிடபிள்யூவில் ஏற்றிவிட்டேனே, போதாதா?

போதாது. அந்த இணையச் சேவை கியூஎஸ்எல் உறுதிப்பாட்டுக்கு (தொடர்பு நடந்ததை இருதரப்பும் உறுதிசெய்வது), இது போட்டிக்கு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அதே கேப்ரில்லோ கோப்பை டிகியூஎஸ்எல் மென்பொருள் வழியாக அங்கேயும் ஏற்றலாம், தனியாக ஏடிஐஎஃப் எடுக்க வேண்டியதில்லை.

முடிவுக்குப் பிறகு வரும் சரிபார்ப்பு அறிக்கையை எப்படிப் படிப்பது?

முதலில் தவறாக எழுதிய கால்சைன்களின் பகுதி. எதை எழுதினீர்கள், சரியானது எது என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிடபிள்யூவில் 'எஸ்', 'எச்', 5 மூன்றுக்கும் இடையே வித்தியாசம் புள்ளி எண்ணிக்கைதான்: மூன்று, நான்கு, ஐந்து. 'பி'க்கும் 6-க்கும் ஒரு புள்ளி. உங்கள் தவறுகள் ஒரே ஜோடியில் குவிந்திருந்தால் பயிற்சி எங்கே வேண்டும் என்று தெரிந்துவிடும். 'யுனிக்' என்று ஒரு பட்டியல் இருக்கும். வேறு யார் லாக்கிலும் இல்லாத கால்சைன்கள் அவை. அதற்காக மட்டும் புள்ளி குறைப்பதில்லை, ஆனால் அவற்றில் பல நீங்கள் தவறாகக் கேட்டவையாக இருக்கலாம்.

பலர் படிக்காமல் விடும் பகுதி கடைசியில் இருக்கிறது: உங்கள் கால்சைனைத் தவறாக எழுதியவர்கள். அதில் பேர் அதிகம் என்றால் கோளாறு உங்கள் அனுப்புதலில். இந்தியக் கால்சைன்களின் தொடக்கமான வியு2, வியு3 இரண்டுக்கும் மோர்ஸில் ஒரு புள்ளிதான் வித்தியாசம்: இரண்டு புள்ளி மூன்று கோடு, மூன்று புள்ளி இரண்டு கோடு. முதலெழுத்தான 'வி'யில் ஒரு புள்ளி கூடினால் 4, குறைந்தால் 'யூ'. 4 என்று தொடங்கும் இலங்கைக் கால்சைன்களுக்கும் அதே கதை, எதிர்த்திசையில். அடுத்த போட்டியில் வேகத்தை நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொல் குறைத்து, எழுத்துக்கு நடுவே இடைவெளியைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.